யோகா பாய்கள் எங்கே போயின? பணியிட நலக்குழு பற்றி ஓர் எளிய அறிமுகம்

பல வருடங்களுக்கு முன், சென்னைக்கு வெளியே மூன்று ஷிப்ட் ஓடும் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நல அலுவலராக இருந்தேன். 'வெல்னஸ்' என்ற சொல் அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது. மேலிடத்திலிருந்து மெயில் வந்தது. முப்பது யோகா பாய் வாங்கினோம். காலை ஏழு மணிக்கு டிரெயினிங் ஹாலில் வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டினோம். முதல் நாள் பதினெட்டுப் பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் ஆறு பேர். அந்த ஆறு பேரும் ஆபீஸ் ஆட்கள், வீட்டுப் பக்கத்தில் ஏற்கனவே தினமும் நடக்கப் போகிறவர்கள். ஒரு மாதத்தில் வகுப்பு தானாக நின்றுபோனது.

கொஞ்ச நாள் கழித்துப் பாய்களை எண்ணப் போனால் பதினொன்றைக் காணோம். திருட்டு இல்லை. நைட் ஷிப்ட் ஆட்கள் ஸ்டோருக்குப் பின்னால் விரித்துப்போட்டு, ராத்திரி இரண்டரை மணிக்கு விடும் இடைவேளையில் இருபது நிமிஷம் கண்ணயர்ந்துகொண்டிருந்தார்கள். மெமோ கொடுக்கச் சொன்னார் மேனேஜர். எனக்குக் கை வரவில்லை. 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று நாங்கள் கேட்கவே இல்லை. அவர்களாகவே பாயை விரித்துப் பதில் சொல்லியிருந்தார்கள். தூக்கம் போதவில்லை என்று.

அந்தக் கேள்வியைப் பாய் வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கென்றே உள்ளே வேலை செய்கிற ஆட்களை வைத்து அமைக்கும் குழுதான் நலக்குழு.

நலக்குழு என்றால் என்ன?

வேலை செய்கிறவர்களே எட்டு, பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடி உட்காருவார்கள். இங்கே வேலை செய்வதால் நம் உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகிறது, அதில் எதை மாற்ற முடியும் என்று பேசுவார்கள். ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பார்கள். அவ்வளவுதான். டாக்டர் வேண்டியதில்லை, ஜிம் வேண்டியதில்லை. ஹெச்.ஆர். ஆள் ஒருவர் கூட்டத்தில் இருக்கலாம், தலைமையில் உட்காராமல் இருந்தால் நல்லது.

'இன்னொரு கமிட்டியா?' என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம்தான், ஏற்கனவே நிறைய இருக்கின்றன. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலேயே கட்டாயம். ஆபத்தான செயல்முறை உள்ள தொழிற்சாலைகளில் தொழிலாளர் பாதி, நிர்வாகம் பாதி என்று உட்காரும் பாதுகாப்புக் குழு, போபால் விபத்துக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்தது. 250 பேருக்கு மேல் இருந்தால் கேண்டீன் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு மூலச் சட்டம் சொன்னது பலருக்குத் தெரியும். அந்தக் கேண்டீனை நடத்துவதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொன்னது அவ்வளவாகத் தெரியாது. எங்கள் இடத்திலும் அந்தக் கேண்டீன் கமிட்டி ரொம்ப நாள் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

நலக்குழு இவற்றில் எதற்கும் மாற்று கிடையாது. உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டிய புகார் இங்கே வந்தால், அதைக் கூட்டத்தில் எடுத்துப் பேசக்கூடாது, உரிய இடத்தைக் காட்டிவிட வேண்டும். சம்பளமும் போனஸும் தொழிற்சங்கத்தின் வேலை. சங்கம் உள்ள இடத்தில் முதல் நாளே அவர்களிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 'சங்கத்தைக் கழற்றிவிட நிர்வாகம் போட்ட குழு' என்று பேர் வந்துவிடும். சில இடங்களில் அந்தச் சந்தேகம் பொய்யும் இல்லை.

மேலிருந்து வரும் திட்டம் ஏன் போதாது?

எங்கள் ஆறு பேர் கதையை அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய ஆய்வு அது. கிட்டத்தட்ட 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் உடல் பரிசோதனை, ஆரோக்கிய வகுப்புகள், கலந்துகொண்டால் ஊக்கத்தொகை என்று கொடுத்தார்கள். மருத்துவச் செலவு குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் வேறு ஒன்று வெளியே வந்தது. வாய்ப்புக் கிடைத்தவர்களில் தாமாக வந்து கலந்துகொண்டவர்கள், திட்டம் வருவதற்கு முன்பே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள்.

2024இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, 233 நிறுவனங்களில் 46,336 பேரின் பதில்களைப் பார்த்தது. மன உறுதிப் பயிற்சி, தியானம், நலச் செயலி இவற்றில் சேர்ந்தவர்களின் மனநலம் சேராதவர்களைவிட மேலாக இல்லை. தன்னார்வப் பணி ஒன்று மட்டும் விதிவிலக்கு.

அப்படியானால் எதுதான் உடம்பைப் பாதிக்கிறது? இதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் கொஞ்சம் பழசு. லண்டன் அரசு அலுவலகங்களில் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அங்கே எல்லாருக்கும் மேசை வேலைதான், யாரும் மூட்டை தூக்கவில்லை. ஆனாலும் கீழ்ப்பதவியில் இருந்தவர்கள் இதய நோயில் இறந்தது மேல்பதவிக்காரர்களைவிட மிக அதிகம். புகைப்பழக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி முழுசாக மூடவில்லை. 1985இல் ஆரம்பித்த இரண்டாவது ஆய்வில் ஒரு காரணம் பிடிபட்டது. தன் வேலையின் வேகத்தையும் முறையையும் தானே தீர்மானிக்கும் பிடி யாருக்குக் குறைவோ, அவர்களுக்கு இதய நோய் அதிகம்.

நலக்குழுவின் முக்கால்வாசி வேலை இந்தப் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பதுதான் என்பது என் கட்சி.

யாரைச் சேர்ப்பது?

எல்லாரும் செய்யும் முதல் தப்பு, ஆரோக்கியத்தில் ஆர்வம் உள்ளவர்களைக் கொண்டே குழுவை நிரப்புவது. மாரத்தான் ஓடுகிறவர், சிறுதானியம் மட்டும் சாப்பிடுகிறவர், யோகா டீச்சர் சான்றிதழ் வாங்கியவர். நல்லவர்கள்தான், ஆனால் ஒருவர் போதும். மூன்று பேர் இருந்தால் கூட்டம் முழுக்க அறிவுரையாகப் போய்விடும்.

எனக்குக் கைகொடுத்த வழி இது. ஒவ்வொரு லைனிலும் போய், 'வேலையில் ஒரு கஷ்டம் வந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?' என்று கேட்டேன். 'யார் குழுவில் சேர விரும்புகிறீர்கள்' என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் கை தூக்குகிறவர் எல்லாக் கமிட்டியிலும் ஏற்கனவே இருப்பார். நான் கேட்ட கேள்விக்கு நாலைந்து பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. அதில் ஒருவர் பேச்சே இல்லாத ஆள், ஆனால் எல்லாருடைய கதையும் அவருக்குத் தெரியும். அவர்கள்தான் குழு.

அப்புறம் ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டும். மூன்று ஷிப்ட்டிலிருந்தும் ஆள் வந்தாயிற்றா? பெண்கள் எத்தனை பேர்? ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் பையன்களுக்குப் பேச ஆள் உண்டா, அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஆள் உண்டா? கேண்டீன் மாஸ்டரை மறக்கவே கூடாது. சுகரோ பிரஷரோ உள்ள ஒருவர் இருப்பது நல்லது, தானாகச் சொல்லிக்கொள்கிறவராக இருந்தால். சிகரெட் பிடிக்கிற ஒருவரையும் சேருங்கள். புகைப்பழக்கம் பற்றிப் பேசும்போது அந்த அறையில் உண்மை தெரிந்தவர் அவர்தான்.

சூப்பர்வைசர் ஒருவர் கட்டாயம். தொழிலாளிக்கும் தண்ணீருக்கும், தொழிலாளிக்கும் டாய்லெட்டுக்கும் நடுவில் நிற்பவர் அவர். அவரை வெளியே வைத்து எடுக்கும் முடிவு லைன் வாசலோடு நின்றுவிடும். ஆனால் இரண்டு சூப்பர்வைசர் வேண்டாம். மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

காண்ட்ராக்ட் ஆட்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். 'அவர்களைக் குழுவில் போட்டால் நாளைக்கு நிரந்தர வேலை கேட்பார்கள்' என்று சட்டப் பிரிவிலிருந்து ஒரு பயம் வரும். எங்களிடமும் வந்தது. கடைசியில் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவரும் செக்யூரிட்டி ஒருவரும் 'அழைப்பாளர்' என்ற பெயரில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார்கள். பெயரில் என்ன, மிக்சரும் டீயும் அவர்களுக்கும் சேர்த்தே வந்தது.

நானூறு பேர் உள்ள இடத்துக்கு ஒன்பது, பத்துப் பேர் சரியாக இருக்கும். கூட்டம் வேலை நேரத்தில்தான், சம்பளத்தோடு. ஷிப்ட் முடிந்தபின் கூட்டம் போட்டால் பஸ் போய்விடும், பஸ் போனால் அடுத்த மாதம் ஆளும் வராது. இரண்டு ஷிப்ட் சந்திக்கும் நேரத்தை ஒட்டி முக்கால் மணி நேரம் வைத்தால் இரண்டு பக்கமும் வர முடியும்.

தண்ணீர் பாட்டில் கதை

முதல் கூட்டத்தில் திட்டம் எதுவும் போடாதீர்கள். ஒரே கேள்வி போதும்: 'இங்கே வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது உடம்பில் எது வலிக்கிறது?' எங்கள் முதல் கூட்டத்தில் கால், இடுப்பு, கண் என்று வந்தது. அசெம்பிளி லைனில் வேலை செய்த ஒரு பெண் மட்டும் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். காலை ஆறு மணி ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும்போது, லைன் ஓரத்து ரேக்கில் இருக்கும் தண்ணீர் பாட்டில்களை ஒரு வாரம் எண்ணியிருக்கிறார். அவருடைய லைனில் இருபத்திரண்டு பேர். தினமும் பதினான்கு, பதினைந்து பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

எங்கள் ஹெச்.ஆர். ஆள் உடனே, 'தண்ணீர் குடிப்பதன் முக்கியத்துவம் பற்றி ஒரு போஸ்டர் போடலாம்' என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "போஸ்டர் எதுக்கு சார், எங்களுக்குத் தெரியாதா? தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். பாத்ரூம் போகணும்னா ரிலீவர் வரணும். ரிலீவர் வர அரை மணி ஆகும். அதுக்குக் குடிக்காமலே இருந்துட்டுப் போயிடலாம்."

ரிலீவர் என்றால், ஒருவர் எழுந்து போகும்போது அவர் இடத்தில் நின்று லைனை ஓட்டும் மாற்று ஆள். மூன்று லைனுக்கு ஒரே ரிலீவர் இருந்தார். அவரையும் ஆள் குறையும் நாளில் லைனிலேயே நிறுத்திவிடுவார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று என்று பெண்கள் லீவு போடுவது எங்கள் பதிவேட்டில் 'காய்ச்சல்' என்று ஏறிக்கொண்டிருந்தது, சூப்பர்வைசரிடம் வேறு எப்படிச் சொல்வது?

குழுவில் இருந்த சூப்பர்வைசர்தான் வழி சொன்னார். லைனுக்கு ஒரு ரிலீவர் கேட்டால் கிடைக்காது, மூன்றுக்கு இரண்டு கேட்கலாம் என்றார். கூடவே, கையைத் தூக்கினால் யாரும் காரணம் கேட்கக்கூடாது, வரிசைப்படி பத்து நிமிஷத்துக்குள் ரிலீவர் வர வேண்டும் என்று எழுதி வைத்தோம். ஆறு மாதம் பேச்சுவார்த்தை. உற்பத்திப் பிரிவு முறைத்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டது. பாட்டில்கள் காலியாக ஆரம்பித்தன. எங்கள் திட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்க நான் வைத்திருந்த அளவுகோல் அதுதான்: இரண்டு மணிக்கு ரேக் பக்கம் ஒரு நடை.

இதே மாதிரி இன்னொன்று. ஷிப்ட் பஸ்ஸின் முதல் நிறுத்தத்தில் ஏறுகிறவர் நாலேகாலுக்கு ரோட்டில் நிற்க வேண்டியிருந்தது. ஒரே பஸ் மூன்று ஊரைச் சுற்றி வந்ததுதான் காரணம். வழியை இரண்டாகப் பிரித்ததும் அவருக்கு அரை மணி தூக்கம் கூடக் கிடைத்தது. இதை எந்த ஆரோக்கியச் சொற்பொழிவாளரும் கொண்டுவந்து கொடுத்திருக்க முடியாது. கேட்டது அந்த பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர்.

யார் உடம்பில் என்ன என்பது யாருக்குத் தெரியலாம்?

யாருக்கும் இல்லை, அவருக்கும் டாக்டருக்கும் தவிர. பல நல்ல குழுக்கள் வழுக்கி விழும் இடம் இது. மருத்துவ முகாம் வைப்பார்கள், நாற்பது பேருக்குச் சர்க்கரை என்று வரும், பெயர்ப் பட்டியல் ஹெச்.ஆர். மேசையில் கிடக்கும். அடுத்த முகாமுக்குப் பாதிப் பேர் லீவு. அவர்கள் முட்டாள்கள் இல்லை. ஓவர்டைம் கிடைக்காமல் போகுமோ, ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்களோ என்று பயப்படுகிறார்கள். முகாம் நடத்த வருகிறவர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்: முடிவு உரியவர் கையில் மட்டும், நிறுவனத்துக்கு எண்ணிக்கை மட்டும்.

யார் எத்தனை கிலோ குறைத்தார் என்று போர்டில் எழுதிப் பரிசு கொடுக்கும் போட்டிகளும் இதே வகை. எனக்குப் பிடிக்காது. ஒரு முறை நடத்தி, கேண்டீனில் ஒரு பையன் தட்டைப் பார்த்து மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்தபின் விட்டுவிட்டேன்.

காசு இல்லாமல் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள், தொழிலாளி 0.75 சதவீதம், நிறுவனம் 3.25 சதவீதம். பணம் கட்டுகிறோமே தவிர, எந்த டிஸ்பென்சரி நம்முடையது, குடும்பத்தில் யார் யார் பெயர் ஏறியிருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களின் மனைவி பெயர் ஏறாமலே கிடக்கும். குழுவில் ஒருவர் ஒரு வாரம் மதிய இடைவேளையில் உட்கார்ந்து இதை மட்டும் சரிபார்த்தாலே பெரிய விஷயம்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது வேலைக்குப் போனவர்கள் விடுபட்டுப் போவதால், 2024இல் அதைப் பணியிடங்களுக்கும் கொண்டுவந்தார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வேலை இடத்திலேயே பார்க்கலாம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். மனசு சரியில்லை என்றால் பேச, டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் ஆரம்பித்த இலவச அரசுச் சேவை, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதைவிட டாய்லெட் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். போர்டு முன்னால் நின்று யாரும் அதைக் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேண்டீனில் டீ மெஷின் பவுடரிலேயே சர்க்கரை கலந்து வருகிறதா என்று பாருங்கள். எங்களுடையது அப்படித்தான் வந்தது. சுகர் உள்ளவர்கள் டீயே குடிக்காமல் இருந்தார்கள். சர்க்கரை இல்லாத பவுடரும் பக்கத்தில் ஒரு சர்க்கரை டப்பாவும் வைத்ததற்குச் செலவு ஒன்றும் ஆகவில்லை.

சின்னக் கடைகளுக்கும் பொருந்துமா?

பதினைந்து பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடைக்குக் குழு என்று பேர் வைக்க வேண்டியதில்லை, இரண்டு பேர் போதும். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வியைச் சட்டமே எழுதிக் கொடுத்துவிட்டது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. கேரளத்தில் அது கோழிக்கோட்டுக் கடைகளில் நின்றே வேலை செய்த பெண்கள் போராடிப் பெற்றது. ஸ்டூல் போட்டிருக்கும் கடைகளில்கூட, உட்கார்ந்தால் முதலாளி என்ன நினைப்பாரோ என்று யாரும் உட்காருவதில்லை. கடையில் மூத்தவர் ஒருவர் முதலில் உட்கார்ந்து காட்டினால் மற்றவர்களும் உட்காருவார்கள்.

குழு தூங்கிப் போனால்?

போகும். ஐந்தாறு மாதத்தில் கூட்டத்துக்கு ஆள் குறைவது சகஜம். பெரும்பாலும் கேட்டது எதுவும் நடக்கவில்லை என்பதால்தான். அதனால் முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று நடந்தாக வேண்டும். சர்க்கரை டப்பா மாதிரி சின்னதாக இருந்தாலும் சரி. நிர்வாகம் மறுத்ததையும் காரணத்தோடு கேண்டீன் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 'கேட்டோம், பட்ஜெட் இல்லை என்றார்கள், ஏப்ரலில் திரும்பக் கேட்போம்' என்று ஒரு வரி இருந்தால் போதும், ஆட்கள் ஏப்ரல் வரை காத்திருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை பாதிப் பேரை மாற்றுங்கள், மொத்தமாக மாற்ற வேண்டாம்.

எங்கள் குழு இரண்டாவது வருடம் நைட் ஷிப்டுக்கு ஓய்வறை கேட்டது. ஸ்டோருக்குப் பின்னால் இருந்த இடத்தையே தடுத்து, இரண்டு ஃபேன் மாட்டி, இருபது நிமிஷம் படுக்கலாம் என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்தது. பழைய யோகா பாய்களையே அங்கே போட்டோம். அடுத்த மாதக் கூட்டத்தில் நைட் ஷிப்ட் ஆள் ஒரு திருத்தம் சொன்னார்: "அந்த ரப்பர் பாய் வேணாம் சார், முதுகு வேர்த்து ஊத்துது. கோரைப்பாய் வாங்கிப் போடுங்க."